உள்ள விழுந்த நட்டுக்கு என்ன வாங்கிறது? கேள்வி-பதில்

போன முறை ஸ்பனர் செட் வாங்கிறதைப் பற்றி எழுதியிருந்தன், வீட்டில சொந்தமா வேலை செய்யிறாக்களுக்கு எது தேவை எது வீண்செலவு எண்டு. அதுக்குப் பிறகு வந்த கடிதங்களில முக்காவாசி ஒரே கதைதான். எஞ்சின் வேலை செய்யேக்க நட்டோ வொஷரோ கை தவறி விழுந்திட்டுது, இப்ப என்ன சாமான் வாங்கி எடுக்கலாம்? அதால இந்த முறை முழுக்க அதையே எடுத்திருக்கிறன். கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கு, குறை நினைக்காதேங்கோ.

கேள்வி (உவர்மலை): மோட்டர்சைக்கிள் காபரேற்றர் கழுவேக்க பித்தளை ஜெட் (பெற்றோல் போற சின்ன ஓட்டை உள்ள துண்டு) ஒண்டு, எஞ்சினுக்குக் காத்துப் போற இன்ரேக் வாய்க்குள்ள விழுந்திட்டுது. டவுனில மூண்டு கடையில மூண்டு மெக்னட் குச்சி வாங்கிப் பார்த்திட்டன், ஒண்டும் எடுக்குதில்லை. நல்ல பிராண்ட் ஒண்டு சொல்லுங்கோ.

பதில்: பித்தளையை எந்த மெக்னட்டும் இழுக்காது. செம்பு, அலுமினியம் எதையும் இழுக்காது, கடல்காத்துக்கு கறள் பிடிக்கக் கூடாதெண்டு நாங்கள் தேடித் தேடிப் போடுற ஸ்ரெயின்லெஸ் நட்டுகளிலயும் கனக்க இழுபடாது. முதல் குச்சி எடுக்காதபோதே காபரேற்றரில இருக்கிற மற்ற ஜெட்டில ஒருக்கா தொட்டுப் பார்த்திருந்தா, ரெண்டாவது கடைக்குப் போற வேலையே இருந்திராது. இது தெரியாத விசயம் இல்லை, யோசிக்காத விசயம்.

இப்ப செய்ய வேண்டியது, கிக்கர் அடிக்கக் கூடாது, இன்ரேக் ரப்பரைக் கழட்டி டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. கண்ணுக்குத் தெரிஞ்சா மெல்லிய கம்பி நுனியில தடிச்ச கிறீஸ் பூசி ஒட்டி எடுக்கலாம். வக்கூம் கிளீனர் பிடிக்கச் சொல்லி யாராவது சொன்னா, பெற்றோல் மணம் கொஞ்சம் இருந்தாலும் பிடிக்காதேங்கோ, மோட்டரின்ட பொறியே காணும் தீப்பிடிக்க.

கேள்வி (அன்புவழிபுரம்): ப்ளக் ஓட்டைக்குள்ள சின்ன வொஷர் போயிட்டுது. ஸ்ரார்ட் பண்ணினா அதுவா சைலன்சரால வெளிய வந்திடும் எண்டு கூட்டாளி சொல்லுறான்.

பதில்: வேண்டாம். சாவியைக் கழட்டி வீட்டுக்குள்ள வையுங்கோ.

கேள்வி (லிங்கநகர்): ஒன்லைன்ல எண்டஸ்கோப் கமரா, ஓட்டைக்குள்ள விட்டுப் பாக்கிற வயர் கமரா, ஒண்டு எடுத்தன். படம் 1080 பி (முழு எச்டி), தலை 8 மில்லிமீற்றர் எண்டு போட்டிருந்தது. பைக்கின்ட ப்ளக் ஓட்டைக்குள்ள போகுதில்லை, படமும் மங்கல். காசைத் திருப்பிக் கேக்கலாமா?

பதில்: ரெண்டு குறையையும் வேற வேறயாப் பாருங்கோ. உள்ள போகாதது வித்தவையிட பிழை இல்லை, 8 எண்டு சொல்லித்தான் வித்திருக்கினம். ப்ளக்கில உள்ள நம்பரை வாங்கமுதல் பார்த்திருக்கோணும். என்ஜிகே ப்ளக் எண்டா சாதாரண வகைகளில முதல் எழுத்து பி எண்டா மரை 14 மில்லிமீற்றர், டி எண்டா 12, சி எண்டா 10. சின்ன பைக்குகள் கனக்கத்தில 10தான், மரையின்ட உள்விட்டம் 9க்கும் குறைய, அதுக்குள்ள 8 மில்லிமீற்றர் தலை வெறுமனே போனாலும் போகும், கண்ணாடியோ கொக்கியோ மாட்டுற வளையத்தை மேல போட்டா போகவே போகாது. உங்களுக்கு வேண்டியிருந்தது 5.5 மில்லிமீற்றர் தலை.

மங்கல் படம் வேற கதை, அதில நான் உங்கட பக்கம். இந்தப் பெட்டிகளில போடுற நம்பர்களால நானும் காசு விட்டிருக்கிறன். கொழும்பு புறக்கோட்டையில ஒரு கடையில முழு எச்டி எண்டு சொல்லி ஒரு கமரா வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில போட்டுப் பார்த்தா படத்தின்ட அளவு 640க்கு 480, முழு எச்டி எண்டா 1920க்கு 1080 இருக்கோணும். ஆறு மணித்தியாலம் பஸ்ஸில திரும்பிப் போய்ச் சண்டை பிடிக்க ஏலுமோ? அந்தக் கடைக்காரனுக்கு அது நல்லாத் தெரியும், வெளியூர் ஆள் எண்டு பேச்சில கண்டுபிடிச்சுத்தான் அந்தப் பெட்டியை எடுத்து நீட்டினவன். அண்டைக்கிருந்து நான் பெட்டியில உள்ள எந்த நம்பரையும் நம்புறதில்லை. சில ஃபோன் அப் சின்னப் படத்தைப் பெருப்பிச்சு 1080 எண்டே சேவ் பண்ணும், அதால அளவை மட்டும் பார்த்தும் சரிவராது, ஒரு ரூபாக் குத்தியில இருக்கிற சின்ன எழுத்தைக் கடையில வைச்சே எடுத்துப் பாருங்கோ, வாசிக்க ஏலாட்டி வாங்காதேங்கோ. கிட்டப் பிடிச்சாலும் மங்கும், இந்த லென்ஸுகள் சில சென்ரிமீற்றர் தள்ளித்தான் தெளிவு, அதையும் குத்தியை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்திப் பார்த்தாத் தெரியும்.

மெக்னட் குச்சியும் அப்பிடித்தான். 8 இறாத்தல் தூக்கும் எண்டு போட்டிருக்கும், அது தடிச்ச தட்டை இரும்பில முழு முகமும் படிஞ்சு நேரா இழுக்கேக்க வாற கணக்கு. உங்கட நட்டு உருண்டு ஒயிலுக்குள்ள ஒரு மூலையில கிடக்கு, மெக்னட் அதின்ட ஒரு விளிம்பிலதான் தொடும், அங்க அந்த 8 இல்லை. இன்னொண்டையும் ஒரு கடையிலயும் சொல்லாயினம், இந்தக் குச்சிகளில வாற சாதாரண நியோடைமியம் மெக்னட் 80 பாகை செல்சியஸுக்கு மேல சூடானா பலம் இழக்கத் தொடங்கும், ஆறினாப் பிறகும் முழுசாத் திரும்பி வராது. ஓடி நிண்ட எஞ்சின் அந்தச் சூட்டுக்கு வந்திடும். சுடச்சுட எஞ்சினுக்குள்ள விட்டுட்டு அடுத்த மாதம் குச்சி பழுது எண்டு சொல்லுறாக்கள் இருக்கினம். எஞ்சின் ஆறட்டும்.

உங்கட காசுக்கு, அந்த விளம்பரத்தில 1080 எண்டு போட்டிருந்ததை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைச்சுக்கொண்டு இண்டைக்கே எழுதுங்கோ. விளம்பரத்தை அழிக்கிறதுக்கு முதல்.

கேள்வி (புல்மோட்டை): போட் எஞ்சின் ஃப்ளைவீலைக் கழட்டிக் கொயில் மாத்தினோம். சின்ன ஸ்குரூ ஒண்டு காணல்ல. கரையெல்லாம் தேடிட்டம். கமரா வாங்கணுமா?

பதில்: நானா, ஒண்டும் வாங்காதீங்க. ஃப்ளைவீலைத் திருப்பி உள்பக்கம் பாருங்க, சுத்திவர மெக்னட் இருக்கு, ஸ்குரூ அதில ஒட்டிக்கொண்டு அங்கயே பிறந்தது மாதிரி இருக்கும். விரலால தடவிப் பாருங்க. அதோட மாட்டி இழுத்தா புதுக் கொயில் சீவுப்படும். உங்கட ஊர்க் கரையில கறுப்பு மணல் வேற, இல்மனைற்று, அது மெக்னட்டில ஒட்டும், ஃப்ளைவீலை மணலில வைக்காம சாக்கு விரிச்சு வைங்க, பூட்டமுதல் துடைச்சிடுங்க.

கேள்வி (பாலையூற்று): டொல்பின் வானுக்கு மேல்பக்கம் வேலை செய்யேக்க 10 ஆம் நம்பர் போல்ட் ஒண்டு விழுந்திட்டுது, கீழ வந்த சத்தம் கேக்கேல்லை. எஞ்சின் இறக்கோணும் எண்டு கராஜ்காரர் சொல்லுறார், பெரிய காசு கேக்கிறார். வேற வழி?

பதில்: அண்ணை, நீங்கள் எழுதாத ஒரு விசயம் இருக்கு. விழேக்க எஞ்சினில எந்த வாய் திறந்திருந்தது? ரொக்கர் கவர் (எஞ்சினின்ட மேல்மூடி) கழட்டியிருந்ததோ, இன்ரேக் திறந்திருந்ததோ, ஒயில் ஊத்துற மூடி? ஒண்டும் திறக்கேல்லை எண்டா போல்ட் எஞ்சினுக்குள்ள போயிருக்க வழியே இல்லை, வெளியில எங்கயோதான் தங்கியிருக்கு, அதுக்கு எஞ்சின் இறக்கிறது அநியாயம். அவரிட்ட முதல் இந்தக் கேள்வியைக் கேளுங்கோ, என்ன பதில் சொல்லுறார் எண்டதிலயே கன விசயம் விளங்கும்.

அடியில தகரமோ பிளாஸ்டிக்கோ கவர் இருந்தா கழட்டுங்கோ, கனக்க அதுக்கு மேலதான் கிடக்கும். பிறகு எஞ்சின் மவுண்ட், சேசிஸ் விளிம்பு, ஸ்ராட்டர் மோட்டருக்குப் பின்பக்கம். தரையில தேடேக்க டோர்ச்சை நிலத்தோட நிலமா வைச்சு அடிச்சா சின்ன வொஷருக்கும் நீளமா நிழல் விழும், மேல இருந்து அடிச்சாத் தெரியாது. வானை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளி ரயருக்குக் கீழயும் பாருங்கோ.

மெக்னட் குச்சி விடுறதெண்டா, இந்த வானுகளின்ட டீசல் எஞ்சின் வார்ப்பிரும்பு, போற வழியெல்லாம் குச்சி புளொக்கில ஒட்டிக்கொண்டே நிக்கும். மெல்லிய பிவிசி பைப்புக்குள்ள குச்சியை விட்டு நுனி மட்டும் வெளிய தெரிய இறக்குங்கோ. வாங்கேக்க தலையைப் பிடிச்சு நல்லா இழுத்துப் பாருங்கோ. நான் மலிவா ஒண்டு வாங்கி என்ட வானின்ட கிளச் ஹவுசிங்குக்குள்ள விட்டனான், நட்டு இருந்த இடத்தில போய் ஒட்டினது, இழுத்தா வெறுங்குச்சி வருது. தலையைப் பசையால ஒட்டி வைச்சிருக்கிறான். நட்டோட சேர்த்து மெக்னட்டும் உள்ள, அதுவும் இரும்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு. கியர்பொக்ஸ் இறக்கித்தான் எடுத்தது, ரெண்டு நாள் ஓட்டமும் போச்சு. அந்த மெக்னட் இப்பவும் என்ட மேசையில கிடக்கு, கடையில குச்சி எடுக்கிற ஒவ்வொரு முறையும் அதுதான் ஞாபகம் வரும். தலையைச் சுத்திவர உலோகத்தால மடிச்சுப் பிடிச்சிருக்கிற குச்சியாப் பார்த்து எடுங்கோ.

கேள்வி (தம்பலகாமம்): அவருக்கு வருத்தம், திரீவீலை வாடகைக்கு விட்டுத்தான் வீடு ஓடுது. ஏர் கிளீனர் வேலைக்கு ஒரு கராஜில குடுத்தம். எடுத்து மூண்டாம் நாள் டக டக எண்டு சத்தம் வந்து நிண்டுட்டுது. வேற கராஜில திறந்தா பிஸ்ரனுக்கு மேல நட்டு குத்தின காயம், வால்வும் வளைஞ்சிருக்கு. முதல் கராஜ் எங்களுக்குத் தெரியாது எண்டு ஏசி அனுப்பிட்டுது. பில்லும் இல்லை.

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை நான் ரெண்டு தரம் வாசிச்சன். ஏர் கிளீனர் பக்கம் திறந்து வைச்சு வேலை செய்யேக்க ஒரு நட்டு உள்ள விழுந்திருந்தா, அது பைப்பின்ட ஒரு வளைவில கிடந்து பிறகு ஒரு நாள் இழுபட்டு உள்ள போறது நடக்கிற காரியம்தான். வேலை செய்தவருக்குக் கையில ஒரு நட்டு குறைஞ்சது தெரிஞ்சிருக்கோணும், தெரிஞ்சும் பூட்டிக் குடுத்திருந்தா அது கவனக்குறைவு இல்லை, பச்சைத் துரோகம். விழுந்திட்டுது, ஒரு நாள் பொறுங்கோ எண்டு சொல்லுறதுக்கு என்ன வெக்கம்? ஆருக்குத்தான் கை தவறாது?

இப்ப கோவத்தை விட வேலை முக்கியம். ரெண்டாவது கராஜில சொல்லுங்கோ, அந்த நட்டுத் துண்டு, பிஸ்ரன், வால்வ் ஒண்டையும் எறியக் கூடாது, ஒரு பையில போட்டு உங்களிட்டத் தரச்சொல்லி. போட்டோ எடுங்கோ. என்ன கண்டது எண்டு திகதியோட ஒரு துண்டு எழுதி அவரிட்டக் கையெழுத்து வாங்குங்கோ. முதல் கராஜில பில் இல்லாட்டிலும் காசு பாங்கால போட்ட சிலிப், ஃபோனில பேசின மெசேஜ், விட்ட நாள் எடுத்த நாள் தெரிஞ்ச பக்கத்து ஆக்கள், எல்லாம் சாட்சிதான்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சாமானுக்கு மட்டுமில்லை, சேவைக்கும் இருக்கு. காசு வாங்கிச் செய்யிற வேலையை உரிய கவனத்தோடயும் திறமையோடயும் செய்யோணும் எண்டு அதில இருக்கு. முறைப்பாட்டை எழுத்தில குடுக்கோணும், வேலை செய்த நாளில இருந்து மூண்டு மாதத்துக்குள்ள. இதை மட்டும் தவறவிடாதேங்கோ, இண்டைக்கு நாளைக்கு எண்டு சமாதானம் பேசிப் பேசியே கன பேருக்கு அந்த மூண்டு மாதம் போயிருக்கு. அந்த அதிகார சபையின்ட 1977 எண்ட ஃபோன் நம்பருக்கு அடிச்சு எங்க குடுக்கிறது எண்டு கேளுங்கோ. அதோட உங்கட பகுதி மத்தியஸ்த சபைக்கும் போகலாம், லோயர் பிடிக்கத் தேவையில்லை. தனியப் போகாதேங்கோ, விசயம் தெரிஞ்ச ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. முறைப்பாடு எழுதிறதில உதவி வேணுமெண்டா எனக்கு எழுதுங்கோ, நான் எழுதித் தாறன்.

கேள்வி (சீனக்குடா): ரோட்டுக்கரையில லொறியில வைச்சு வித்த 40 சாமான் செட் வாங்கினன், கண்ணாடி, மெக்னட், கவ்வி எல்லாம். ரெண்டு நாளில கவ்வி உடைஞ்சிட்டுது. பில் இல்லை, லொறி நம்பரும் தெரியாது. யாரிட்ட முறையிடலாம்?

பதில்: ஒருத்தரிட்டயும் ஏலாது. பில்லும் இல்லை, ஆளும் இல்லை, நம்பரும் இல்லை. போன வருசமும் இதே மாதிரி லொறிச் சாமானைப் பற்றி எழுதினனான்.

கேள்வி (சாம்பல்தீவு): எந்த டூல் வாங்கினா சாமான் விழாமலே இருக்கும்?

பதில்: பழைய வெள்ளை வேட்டி ஒண்டு. பாதியைக் கீழ விரியுங்கோ, மற்றப் பாதியைக் கிழிச்சுத் திறந்திருக்கிற ஓட்டையெல்லாத்தையும் அடையுங்கோ, எத்தினை துண்டு வைச்சனீங்கள் எண்டு எண்ணி வைச்சுக்கொண்டு பூட்டமுதல் அத்தினையையும் எடுங்கோ. காசு இருந்தா மெக்னட் தட்டு ஒண்டு வாங்கலாம், அது நல்ல சாமான்.

கேள்வி (மூதூர்): பைக்கின்ட பிஸ்ரன் மாத்திறன். பிஸ்ரன் பின்னை லொக் பண்ணுற சேர்கிளிப் (வளைஞ்ச கம்பிக் கிளிப்) துள்ளிக் கீழ கிராங்க் பக்கம் போயிட்டுது. இப்ப எல்லாம் திறந்தபடி கிடக்கு, அவசரம்.

பதில்: தம்பி, கிராங்க்கைச் சுத்தாதேங்கோ, ஒரு விரல் கூட. அது உருக்குக் கம்பி, மெக்னட்டுக்கு வரும். முதல் பைக்கைச் சுத்தி நிலத்தில பாருங்கோ, துள்ளினது வெளியில போயிருக்கவும் கூடும். இல்லாட்டி மெல்லிய குச்சியை கிராங்க்கின்ட பக்கத் தட்டுக்கும் (வெப்) கேசுக்கும் இடையால மெதுவா விட்டு ஒவ்வொரு பக்கமாப் பாருங்கோ. அலுமினியக் கேஸ், ஒட்டி நிக்காது, ஆனா கிராங்க்கில ஒட்டும், பொறுமையா விலக்குங்கோ. வராட்டி ஒயிலை ஒரு சுத்தமான பேசினுக்குள்ள இறக்கி, வாற ஒயிலை மெல்லிய துணியால வடிச்சுப் பாருங்கோ. அதுக்கும் வராட்டி ஃபில்டர் பக்கத்துக் கவரைக் கழட்டுங்கோ. கிடைக்காம பூட்டவே வேண்டாம், நாலு நாள் போனாலும் பரவாயில்லை. கிடைச்சாலும் அதே கிளிப்பைத் திருப்பிப் போடாதேங்கோ, ஒருக்கா கழண்டது இறுக்கிப் பிடிக்காது. ரெண்டு பக்கத்துக்கும் புதுசு வாங்குங்கோ, துள்ளினா கையில இருக்கட்டும் எண்டு கூட ஒண்டும் சேர்த்து.