இந்தியப் புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவ் 1945-இல் எழுதிய கட்டுரை ஏன் இன்றும் பேசப்படுகிறது?

ஒரே கட்டுரையில் மூன்று பெரிய கருத்துகள் இருந்ததால்தான். முதலாவது கிராமர்–ராவ் எல்லை. மாதிரியை, அதாவது முழுத் தொகுதியிலிருந்து எடுத்த சிறு பகுதியை, வைத்து ஓர் அளவை மதிப்பிடுகிறோம். ஒருபக்கம் சாயாத எந்த மதிப்பீட்டு முறையானாலும், அதன் விலக்க வர்க்கச் சராசரி (மதிப்பீடுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) ஒரு வரம்புக்குக் கீழே இறங்காது. தரவில் தகவல் கூடினால் வரம்பு தாழும். அதாவது, எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் தரவில் இல்லாத துல்லியத்தைக் கறக்க முடியாது. ஸ்வீடன் கணிதவியலாளர் கிராமரும் இதைத் தனியே கண்டறிந்தார்.

இரண்டாவது, சுமாரான மதிப்பீட்டைச் செம்மையாக்கும் ராவ்–பிளாக்வெல் வழி. மூன்றாவது, நிகழ்தகவுப் பரவல்களுக்கிடையே தூரம் அளக்கும் வடிவியல். எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ராவுக்கு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், கேம்பிரிட்ஜில் புள்ளியியல் மேதை ஃபிஷரிடம் முனைவர் பட்டம், பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் என்று நீண்ட வாழ்க்கை. சர்வதேசப் புள்ளியியல் பரிசு 2023-இல்தான் வந்தது, 102 வயதில்!