மூன்று விரல் போன கையோடு கதை கேம்: எதை வாங்குவது, எதை மாற்றுவது?

கேள்வி: அண்ணன், நாங்கள் மண்டபம் பக்கம். தம்பிக்கு 23 வயது. போன வருஷம் விசைப்படகில் மடிவலை இழுக்கும்போது வின்ச் எந்திரத்தில் கயிறு சுற்றி, வலது கையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் போய்விட்டன. பெருவிரல் நன்றாக இருக்கிறது, ஆட்காட்டி விரல் பாதிதான். புண் ஆறிவிட்டது, இனி கையைப் பழக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். முன்பு கடலுக்குப் போகாத நாட்களில் கதை உள்ள கேம்களாகப் பார்த்து விளையாடுவான். இப்போது கன்ட்ரோலரை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறான். வீட்டில் பழைய கேமிங் லேப்டாப் ஒன்று இருக்கிறது. நெட் என்றால் போன் ஹாட்ஸ்பாட்தான். அப்பாவுக்குக் காது மந்தம், ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து கதை பார்ப்பார். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிக் கன்ட்ரோலர் வருகிறதாமே, அதை வாங்கட்டுமா? எந்த கேம் அவனுக்குச் சரிப்படும்?

பதில்: தங்கச்சி, தனிக் கன்ட்ரோலர் இப்போதைக்கு வேண்டாம். பணம் கையிலேயே இருக்கட்டும்.

அந்தக் கன்ட்ரோலர்கள் மோசம் என்று சொல்லவில்லை. மைக்ரோசாஃப்ட் 2018-இல் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பெரிய பட்டன்கள் இருக்கும். பின்பக்கம் வரிசையாக 19 துளைகள். எந்த உறுப்பு அசைகிறதோ அதற்கேற்ற சுவிட்சை வாங்கி அந்தத் துளையில் செருகிக்கொள்ள வேண்டும். அந்தச் சுவிட்சுகளுக்குத் தனிக் காசு. சோனி 2023 டிசம்பரில் விட்ட ஆக்சஸ் கன்ட்ரோலர் அவர்களுடைய பிஎஸ் 5 கேம் பெட்டிக்கென்று செய்தது, லேப்டாப்பை நினைத்துச் செய்ததில்லை. கையே எழும்பாதவர்களுக்கும், காலாலும் தலையாலும் விளையாடுகிறவர்களுக்கும் அவை பெரிய வரம். உங்கள் தம்பிக்கு இடது கை முழுசாக இருக்கிறது, வலது பெருவிரலும் இருக்கிறது. அதை வைத்தே நிறையச் செய்யலாம்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன். பக்கவாதம் வந்த என் மாமாவுக்கென்று ஆன்லைனில் ஒரு கடையில் விலை கூடிய கன்ட்ரோலர் ஸ்டாண்ட் ஒன்றை வாங்கினேன். வந்து சேர்ந்தது அவர் மடியிலும் நிற்கவில்லை, மேசையிலும் நிற்கவில்லை. திருப்பி அனுப்பக் கேட்டால் பதிலே இல்லை. இப்போது அதில் வீட்டுப் பூந்தொட்டி உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஒன்று செய்யுங்கள். தம்பி டீ கிளாஸை எப்படிப் பிடிக்கிறான், போனை எந்தக் கையில் வைத்து எந்த விரலால் தள்ளுகிறான் என்று இரண்டு நாள் சும்மா கவனியுங்கள். அவன் கை தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கும். கன்ட்ரோலரும் அந்த வழிக்குத்தான் வர வேண்டும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சிக்கல் இரண்டு இடத்தில். கன்ட்ரோலரின் வலது பாதியைக் கீழிருந்து தாங்குவது அந்த மூன்று விரல்கள்தான், அதனால் பிடி நிற்காது. அப்புறம், மேல் விளிம்பில் இருக்கும் ட்ரிக்கர் என்ற வலது பட்டனுக்குப் பாதி விரல் எட்டாது. பெருவிரல் செய்யும் வேலைக்கு ஒரு குறையும் இல்லை.

பிடிக்குக் காசே வேண்டாம். கன்ட்ரோலரைக் கையில் தூக்காமல் மடியில் தலையணை மேலோ மேசை மேலோ வைத்து விளையாடட்டும். வழுக்காமல் இருக்கப் பழைய ரப்பர் செருப்பின் அடித்துண்டு போதும். உங்கள் பக்கம் வலை மிதவைக்குப் பஞ்சமில்லை. மெத்தென்ற மிதவை ஒன்றைக் கன்ட்ரோலரின் அடிவடிவத்துக்குக் கத்தியால் குடைந்து உட்கார வைத்தால், எந்தக் கடை ஸ்டாண்டையும்விட நன்றாக நிற்கும். விரல் போன இடம் மட்டும் எங்கும் அழுந்தக் கூடாது. அங்கே தொட்டால் சுரீர் என்கிறது என்றால் அன்றைக்கு நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ட்ரிக்கருக்கு வழி, கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமிலேயே இருக்கிறது. கேமின் பக்கத்தில் கன்ட்ரோலர் படம் போட்ட பட்டனைத் தட்டினால் எந்தப் பட்டனை எதற்கு வைப்பது என்று மாற்றிக்கொள்ளலாம். வலது ட்ரிக்கரின் வேலையை இடது பக்க மேல் பட்டனுக்கோ, பெருவிரலால் ஆட்டும் இடது ஸ்டிக்கை உள்ளே அழுத்துவதற்கோ கொடுத்துவிடுங்கள். அதே இடத்தில் டாகிள், டர்போ என்று இரண்டு வசதிகள் உண்டு. டாகிள் வைத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய பட்டனை ஒருமுறை தட்டினால் போதும், மறுபடி தட்டினால் விடும். டர்போ வைத்தால் படபடவென்று இருபது தரம் அடிக்க வேண்டியதைச் சும்மா அழுத்திப் பிடித்தால் போதும், அடிக்கிற வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

உங்களிடம் இருப்பது எந்தக் கன்ட்ரோலர் என்று எழுதவில்லை. பிஎஸ் 4 கன்ட்ரோலர் பழையது ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். அதற்குள் சாய்வை அறியும் கருவி இருக்கிறது, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் அது கிடையாது. ஸ்டீமில் அதை இயக்கிவிட்டால் கன்ட்ரோலரை லேசாகச் சாய்த்தாலே திரையில் பார்வை திரும்பும். வலது ஸ்டிக்கைத் தொடவே வேண்டாம், அந்தப் பெருவிரல் மற்ற பட்டன்களுக்கு மிச்சமாகும். படகு சாய்வதற்கு ஏற்ப உடம்பைச் சாய்த்துப் பழகியவனுக்கு இது சீக்கிரம் பிடிபடும். இதற்கு மட்டும் கன்ட்ரோலரை மேசையிலிருந்து எடுத்து மடித் தலையணையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கேம். கதை கேம் என்றால் கைக்கு வேலை குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உருக்கமான காட்சி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று ‘இந்தப் பட்டனை ஒரு நொடிக்குள் அழுத்து’ என்று திரையில் வரும். அழுத்தாவிட்டால் ஆள் செத்துப்போவான். கதாபாத்திரம் கதவைத் தூக்குகிறது என்றால் நம்மையும் பட்டனை அடித்து நொறுக்கச் சொல்வார்கள். அந்தக் கஷ்டத்தை நாமும் உணர வேண்டுமாம்! விரல் இல்லாதவன் அதை ஏற்கெனவே உணர்ந்துகொண்டுதான் இருக்கிறான்.

இதை மாற்றிக்கொள்ள விடும் கேமா என்பதுதான் கேள்வி. 2016-இல் வந்த அன்சார்ட்டட் 4, படபடவென்று அடிப்பதற்குப் பதில் அழுத்திப் பிடித்தால் போதும் என்று செட்டிங்கிலேயே வைத்தது. அதே நிறுவனம் 2020-இல் விட்ட தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-வில் இப்படி 60-க்கும் மேற்பட்ட வசதிகள். கண் தெரியாதவரே கடைசி வரை முடிக்கும் அளவுக்குச் செய்திருந்தார்கள். 2022-இல் வந்த காட் ஆஃப் வார் ராக்னராக்கில் 70-க்கு மேல்.

ஆனால் உங்கள் வீட்டில் முதல் தடை விரல் இல்லை, நெட். ராக்னராக் லேப்டாப்பில் 190 ஜிபி இடம் கேட்கிறது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1-க்கு 100 ஜிபி, கூடவே 16 ஜிபி ரேம். தினம் 2 ஜிபி பேக்கில் 100 ஜிபி இறக்க 50 நாள். அதனால் சின்னதிலிருந்து தொடங்கலாம்.

முதலில் வெண்பா. 2023-இல் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கும், எதற்குப் பின் எதைப் போடுவது என்று யோசித்துச் சமைக்க வேண்டும். இட்லியில் ஆரம்பிக்கும். அவசரமே கிடையாது, தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம். ஒரே மாலையில் முடிந்துவிடும். கேம் என்றாலே துப்பாக்கி என்று நினைத்திருக்கும் அப்பாவும் இதற்கு உட்கார்ந்துவிடுவார்.

செலஸ்ட் 2018-இல் வந்தது, ஒன்றிரண்டு ஜிபிதான். மலை ஏறும் பெண், அவளுக்குள் இருக்கும் பயம், அவ்வளவுதான் கதை. அப்படியே விளையாடினால் பத்து விரல் உள்ளவனையும் அழவைக்கும். அதில் அசிஸ்ட் மோட் என்று ஒன்று இருக்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், சாகாமலும் இருக்கலாம். வேகத்தை 70 சதவீதத்தில் வைத்துத் தொடங்கட்டும். கை பழகப் பழக அவனே ஏற்றிக்கொள்வான். கைக்குப் பயிற்சி என்று பார்த்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

டிஸ்கோ எலிசியம் பற்றியும் யாராவது சொல்வார்கள். கைக்கு அதைவிட லேசான கேம் கிடையாது, மவுஸ் ஒன்றே போதும், நேரக்கெடுவும் இல்லை. ஆனால் 10 லட்சம் சொற்களுக்கு மேல் ஆங்கிலம், அதுவும் சுற்றிவளைத்த ஆங்கிலம். தம்பிக்கு அந்த அளவுக்குப் படிக்கப் பிடிக்கும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

மொழியும் ஒரு தடைதான். தமிழ் வசன வரி உள்ள கேம்கள் அபூர்வம். பட்டனைத் தட்டினால்தான் அடுத்த வசனம் வரும் கேம் என்றால் நிதானமாகப் படிக்கலாம். புரியாத இடத்தில் போனில் கூகுள் லென்ஸை எடுத்துத் திரைக்கு நேரே காட்டினால் தமிழில் காட்டும். தமிழ் சில நேரம் சிரிப்பு மூட்டும், ஆனாலும் கதை பிடிபட்டுவிடும். அப்பாவுக்காக வசன வரியைப் பெரிய எழுத்தில், பின்னால் கறுப்புப் பட்டையோடு, பேசுகிறவர் பெயரோடு வையுங்கள். பெரிய கேம்களில் இந்த மூன்றும் செட்டிங்கில் இருக்கும். அப்பாவுக்கு ஆங்கிலம் ஓடாது என்றால் நீங்கள்தான் பக்கத்திலிருந்து கதை சொல்ல வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் வரும்போது இன்னொன்று முயலலாம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் அவன் கூட்டாளிகள் எல்லாம் கரையில்தானே இருப்பார்கள். 2022-இல் வந்த ஆஸ் டஸ்க் ஃபால்ஸ் என்ற கேமை எட்டுப் பேர் வரை சேர்ந்து விளையாடலாம். ஆளுக்கொரு போனையே கன்ட்ரோலராக வைத்துக்கொண்டு, கதையில் அடுத்து என்ன செய்வது என்று ஓட்டுப் போட வேண்டும். யோசிக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளவும் வழி உண்டு. போனைத் தட்டுவதில் எல்லோரும் சமம். ஒரு குடும்பம் கொள்ளைக்காரர்களிடம் மாட்டிக்கொள்ளும் கதை, சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. 2025-இலிருந்து ஸ்டீமில் கேமின் பக்கத்திலேயே அணுகல் வசதிகளின் பட்டியல் வருகிறது. மவுஸ் மட்டும் போதுமா, நேரக்கெடு இல்லாமல் விளையாடலாமா, எழுத்தைப் பெரிதாக்கலாமா என்று பார்த்துக்கொள்ளலாம். அது கேம் செய்தவர்களே எழுதிக் கொடுப்பது, ஆகவே முழுசாக நம்பிவிடாதீர்கள். யூட்யூபில் அந்த கேமின் செட்டிங் பக்கத்தைக் காட்டும் வீடியோவையும் பாருங்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். அதனால் முதல் அரை மணி கதைக்குள் போகாமல் பட்டன்களை மாற்றிச் சோதிக்கட்டும். இறக்கிய டேட்டா மட்டும் திரும்பி வராது.

கடைசியாக ஒரு விஷயம். சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கதையின் முடிவை முன்கூட்டிச் சொல்வது எங்கள் கூட்டத்தில் பெரும்பாவம். வசதிகளைப் பார்த்தால் தம்பிக்கு மிகப் பொருத்தமானது தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2. ஆனால் அதன் முடிவில் நாயகி எல்லி இடது கையில் இரண்டு விரல்களை இழக்கிறாள். அப்புறம் வீட்டுக்கு வந்து கிட்டாரை எடுத்து வாசிக்கப் பார்ப்பாள், வராது. 25, 30 மணி நேரம் அவளோடு நடந்து வந்தவன் முன்னால் அந்தக் காட்சி திடீரென்று வந்து நிற்கும். அது அவனுக்கு வலிக்கலாம், ஒருவேளை துணையாகவும் இருக்கலாம். நானோ நீங்களோ அதை முடிவு செய்ய வேண்டாம். வாங்கும் முன் அவனிடம் சொல்லிவிடுங்கள், எனக்கு வேண்டும் என்று சொன்னால் வாங்கட்டும்.

வேண்டாம் என்றால் பார்ட் 1 இருக்கிறது, வசதிகளும் ஏறக்குறைய அதே. முதல் தடவை திறக்கும்போது லேப்டாப்பில் ஏதோ தயார் செய்துகொண்டு வெகுநேரம் நிற்கும், பழைய லேப்டாப் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஸ்டீம் அதையும் விளையாடிய நேரத்தில் சேர்த்துக் கணக்குப் போடும், 2 மணி நேரக் கெடுவை மறக்க வேண்டாம். 100 ஜிபியை ஹாட்ஸ்பாட்டில் இறக்கப் பார்க்காதீர்கள். ராமநாதபுரத்தில் பிராட்பேண்ட் உள்ள சொந்தக்காரர் யாராவது இருந்தால் லேப்டாப்பைக் கொண்டுபோய் ஒரு ராத்திரி போட்டுவிட்டு, காலையில் போய் எடுத்து வாருங்கள். சார்ஜரை மறந்துவிடாதீர்கள்.