பிளக் குழிக்குள் எண்ணெய்: என்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். சில நாட்களாக மிஸ்ஸிங் (என்ஜின் விட்டுவிட்டு இயங்குவது) இருந்ததால் ஸ்பார்க் பிளக்குகளைப் பார்க்க நினைத்தேன். மூன்றாவது சிலிண்டரில் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலை உருவியபோது அதன் ரப்பர் உறை எண்ணெயில் நனைந்திருந்தது. பிளக் அமர்ந்திருக்கும் குழிக்குள்ளும் எண்ணெய் தேங்கியிருக்கிறது. என்ஜினைப் பிரித்தாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையிலேயே அவ்வளவு பெரிய பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆனால் எண்ணெய் பிளக்கின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது. பிளக்கின் மரையை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். மரைக்கு மேலே, வெள்ளைப் பீங்கானிலும் ஸ்பேனர் பிடிக்கும் பகுதியிலும் எண்ணெய் இருந்தால் அது வெளியிலிருந்து குழிக்குள் இறங்கியது. ரப்பர் சீல் மாற்றினால் தீரும். மரைக்குக் கீழே, தீப்பொறி தாவும் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது எரியறையிலிருந்து வந்தது. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

இதில் அனுபவமுள்ளவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குழியில் எண்ணெய் நிற்கும்போதே பிளக்கைக் கழற்றினால் அந்த எண்ணெய் மரை வழியாக இறங்கி முனையையும் நனைத்துவிடும். பார்ப்பவர், எண்ணெய் எரியறைக்குள் ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று தீர்ப்பெழுதிவிடுவார். உங்கள் மெக்கானிக் பார்த்ததும் அதுவாக இருக்கலாம். ஆகவே என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மெல்லிய குழாய் பொருத்திய சிரிஞ்சால் எண்ணெயை உறிஞ்சி எடுத்து, கம்பியில் சுற்றிய துணியால் குழியைத் துடைத்து, மணலோ தூசியோ இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்த பின்னரே பிளக்கில் கை வையுங்கள். பிரேக் கிளீனர் அடித்தால் அதன் ஆவி முழுவதும் போகும்வரை காத்திருங்கள். இப்போது கழற்றிய பிளக்கின் முனை உலர்ந்து, இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் சிலிண்டர் நலமாக இருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் எண்ணெய் எங்கிருந்து வந்தது? வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் சுழலும் இடம் எப்போதும் எண்ணெயில் நனைந்திருக்கும். பல என்ஜின்களில் அதன் நடுவேதான் பிளக் குழாய்கள் இறங்குகின்றன. குழாயின் மேல் விளிம்பு, என்ஜினின் உச்சியிலுள்ள மூடியான வால்வ் கவரைத் தொடும் இடத்தில் ஒரு வட்ட சீல் உண்டு. ஆண்டுக்கணக்கில் வெப்பம் தாங்கிய ரப்பர் இறுகி, நெகிழ்வை இழந்து, எண்ணெயைக் குழிக்குள் விடுகிறது. அந்த எண்ணெய் காயிலின் ரப்பர் உறையை ஊறவைத்துக் கெடுக்க, உயர் மின்னழுத்தம் முனையில் தாவாமல் பீங்கானின் பக்கவாட்டில் வழுவி உலோகத்துக்குப் போய்விடுகிறது. மிஸ்ஸிங்கின் காரணம் இதுதான். இப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிப் பாழாக்கும். அதன் செலவோடு ஒப்பிட்டால் சீல் ஒரு பொருட்டே இல்லை.

வால்வ் கவரைக் கழற்றும்போது அதன் விளிம்பைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் எல்லாக் குழாய் சீல்களையும் ஒருசேர மாற்றிவிடுங்கள். ஒன்று இறுகியிருந்தால் மற்றவையும் அதே வயதுடையவைதான். சில என்ஜின்களில் சீல் கவரோடு சேர்ந்தே வரும், கவரையே மாற்ற வேண்டியிருக்கும். அலுமினியப் பரப்பை இரும்பால் சுரண்டாதீர்கள். கசிவடைக்கும் பசையான சீலன்ட்டைத் தாராளமாகப் பூசும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை: டைமிங் கவர் சிலிண்டர் ஹெட்டோடு (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) சேரும் மூலைகளில் கையேடு சொன்னால் ஒரு சிறு பொட்டு போதும், மிச்சம் பிதுங்கி எண்ணெயில்தான் விழும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு சுற்றில், டார்க் ரெஞ்ச் (முறுக்குவிசையை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) கொண்டு முடுக்குங்கள். பல என்ஜின்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவே கேட்கும். கைபலத்தைக் காட்டினால் கவர் வளைந்து புதிய சீலும் கசியும்.

புதிய சீல் சில மாதங்களிலேயே கசிந்தால், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். அது அடைபட்டால் என்ஜினுக்குள் அழுத்தம் ஏறி எண்ணெயை வெளியே தள்ளும். இந்த வேலையின்போதே அதையும் மாற்றிவிடுவது என் வழக்கம்.

ஊறிப்போன ரப்பர் உறையைத் துடைத்து மறுபடி மாட்ட வேண்டாம், புதிது போடுங்கள். பிளக்கை முதலில் விரலாலேயே திருகி ஏற்றுங்கள். அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் வேண்டும். 12 மில்லிமீட்டர் பிளக்குக்கு அதைவிடக் குறைவு, கையேட்டின் அளவே இறுதியானது.

குழியைச் சுத்தம் செய்த பிறகும் முனையில் எண்ணெய் இருந்தால் மட்டும், சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனைக்குப் போங்கள். அளவு குறைவாக இருந்து, சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டபின் உயர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அளவு சரியாக இருந்து, இரவு நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப்புகை வந்தால், வால்வின் தண்டு வழியாக எண்ணெய் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலைச் சந்தேகிக்கலாம். அதைப் பல என்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே மாற்ற முடியும்.

வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடியதும் மூன்றாவது காயிலை உருவிக் குழியைப் பாருங்கள். மறுபடி ஈரம் தெரிந்தால், மேல் சீலை விட்டுவிட்டு, குழாய் ஹெட்டுக்குள் இறங்கும் அடிப்பகுதியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.