வேட்டைக்காரரும் விஞ்ஞானியும் ஒரே மேசையில்: கேள்வி பதில்

கனடாவின் வடக்கில் பூர்வகுடிகளும் அரசும் சேர்ந்து நடத்தும் காட்டுயிர் வாரியங்களுக்குச் சில ஆண்டுகள் ஆலோசகராக இருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, கூட்டு மேலாண்மை என்றால் அரசு முடிவெடுத்துவிட்டு ஊர்மக்களிடம் ஒப்புக்குக் கருத்துக் கேட்பதுதானே?

இல்லை. 1973இல் கால்டர் வழக்கில், பூர்வகுடிகளின் நில உரிமைக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்று கனடா உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அரசு அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. 1984இல் மேற்கு ஆர்க்டிக்கின் இனுவியாலுயிட் மக்களோடும், 1993இல் கிழக்கு ஆர்க்டிக்கில் இருக்கும் நுனாவுட்டின் இனுயிட் மக்களோடும் ஒப்பந்தம் ஆனது. வாரியங்கள் அந்த ஒப்பந்தங்களில் பிறந்தவை. அவற்றுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஓர் அமைச்சர் நினைத்துக் கலைத்துவிட முடியாது. நுனாவுட் காட்டுயிர் வாரியத்தில் 9 பேர். இனுயிட்டின் வேட்டையைக் குறைக்க வேண்டுமானால் உயிரினப் பாதுகாப்பு, மக்களின் பாதுகாப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிய காரணம் இருக்க வேண்டும். அதுவும் தேவையான அளவுக்குத்தான். ஆனால் கடைசிச் சொல் அமைச்சருடையது, அதை மறைக்க மாட்டேன்.

அப்போது ஆலோசகருக்கு என்ன வேலை?

வாக்கு கிடையாது. கூட்டத்துக்கு முன் தலையணை கனத்தில் ஆய்வறிக்கை வரும். அதில் எது எண்ணிப் பார்த்தது, எது கணித்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். என் முதல் ஆண்டில் கரிபு மான் கணக்கெடுப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். முடித்ததும் ஒரு பெரியவர், "விமானம் எந்த மாதம் பறந்தது?" என்றார். அறிக்கையில் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. மந்தை எப்போது எங்கே நிற்கும் என்று தெரிந்தவருக்கு அதுதான் முதல் கேள்வி. 'மேலாண்மை' என்ற சொல்லே பல பெரியவர்களுக்குப் பிடிக்காது. விலங்கை மேய்க்க நாம் யார், நம் நடத்தையைத்தான் திருத்த முடியும் என்பார்கள்.

பெரியவர்கள் சொல்வது அனுபவம். அறிவியல் ஆகுமா, மேடம்?

பக்கத்து அலாஸ்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 1977இல் போஹெட் திமிங்கிலங்கள் ஆயிரம் இரண்டாயிரத்துக்குள்தான் மிஞ்சியிருக்கின்றன என்று நம்பி, சர்வதேச திமிங்கில ஆணையம் அங்கத்திய பூர்வகுடிகளான இனுப்பியாட் மக்களின் வேட்டைக்குத் தடை போட்டது. அன்று எண்ணியது எப்படி? கடல் உறைபனியின் விளிம்பில் நின்று, கண்ணில் படுபவற்றை எண்ணினார்கள். வேட்டைக்காரர்கள் இரண்டு குறை சொன்னார்கள். திமிங்கிலம் பனிக்கு அடியில் போகும், தலையால் முட்டிப் பனியை உடைத்து மூச்சு விடும். பாதிக் கூட்டம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் போகிறது. அந்த ஆண்டே தங்களுக்கென ஓர் ஆணையம் அமைத்தார்கள். மறு ஆண்டு, இத்தனை வேட்டையாடலாம் என்று சிறிய ஒதுக்கீடு கிடைத்தது. பாரோ ஊரில் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, பனிக்கு அடியிலும் தொலைவிலும் திமிங்கிலங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. 2011 கணக்கில் சுமார் 16,900. அத்தனையும் முன்பு எண்ணாமல் விட்டவை அல்ல, இடையில் நிஜமாகவே பெருகின. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டியது வேட்டைக்காரர்கள். 1981 முதல் அமெரிக்க அரசின் துறை ஒன்றும் வேட்டைக்காரர்களின் அந்த ஆணையமும் ஒப்பந்தம் போட்டு வேட்டையைச் சேர்ந்தே கவனிக்கின்றன.

வேட்டைக்காரரையே காவல் வைப்பது பாலுக்குப் பூனை காவல் போல இல்லையா?

இதை எதிர்பார்த்தேன். கனடாவின் வடக்கில் இருக்கும் பாத்தர்ஸ்ட் கரிபு மந்தை 1986இல் சுமார் 4,70,000; 2018இல் 8,200 அளவில். வேட்டை, சுரங்கச் சாலை, காட்டுத்தீ, ஓநாய், பருவநிலை என்று பழி பலர் மேல் விழுகிறது. 2010 ஜனவரியில் வடமேற்குப் பிரதேச அரசு, வாரியத்தின் விசாரணை முடியும் முன்பே வேட்டையைத் தடை செய்தது. அங்கத்திய பூர்வகுடிகளான டெனே மக்கள் கொதித்தார்கள். ஆபத்து உண்மைதான், வழிதான் தப்பு என்பது என் கருத்து. அப்புறம் வாரிய வழியாகவே வேட்டை பூச்சியத்துக்கு வந்தது. 2016 முதல் டெனேயில் ஒரு பிரிவான ட்லிச்சோன் பெரியவர்களும் இளைஞர்களும் கோடையில் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, மந்தையின் பின்னால் நடந்து குறிப்பெடுக்கிறார்கள். சுடாத காலத்திலும் மானைப் பார்க்கப் போகிற பூனை இது.

விலங்கியல் முதுகலை முடித்திருக்கிறேன் அக்கா, அங்கே வேலை கிடைக்குமா?

சிரமம். வேலை அனுமதி ஒரு பக்கம். ஊர்க்காரர்களை முதலில் எடுப்பதே ஒப்பந்தத்தின் நோக்கம், அது நியாயமும்கூட. புள்ளியியல் நன்றாக வந்தால் பல்கலைக்கழக ஆய்வு வழியாகப் போகலாம். கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் முடிக்கும்வரை அடுத்த வரியை ஆரம்பிக்காதீர்கள். குளிர்ச்சட்டையை மட்டும் சென்னையில் வாங்கிப் போகாதீர்கள், அங்கே வாங்குங்கள்.