கேட்டுப் பாருங்க: இந்த வாரம் எல்லாம் 'செட்'!

ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் 'செட்' என்று பேரன் அடித்துச் சொல்கிறான். நிஜமா?
*– வாசகி, கும்பகோணம்*

முன்பு நிஜம். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தங்கள். விளக்கம் ஏறக்குறைய 60,000 வார்த்தைகள், ஒரு நாவல் கனம். பிறகு அகராதியைத் திருத்தி எழுதியபோது, 'ரன்' 645 அர்த்தங்களோடு முந்திக்கொண்டது. பேரன் பாதி ஜெயித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை அர்த்தம் எப்படி வந்தது? நம் இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. அமர் – அமர்த்து, படு – படுத்து என்று நமக்குத் தன்வினை, பிறவினை உண்டல்லவா? ஆங்கிலத்தில் 'சிட்' தன்வினை என்றால் 'செட்' அதன் பிறவினை. ஒன்றை ஓரிடத்தில் உட்கார வைப்பது. அலாரம் வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது, தயிர் உறைவது, பொழுது சாய்வது எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். அச்சுக் கோப்பதும் அதுதான். ஈய எழுத்தைக் கோத்துக் கை கறுத்தவன் நான். எனக்கு அந்த அர்த்தம்தான் முதலில் வரும்.

"கலவை செட் ஆயிடும், சீக்கிரம் கொண்டா" என்று மேஸ்திரி கத்துவாரே, அதுவும் அசல் ஆங்கில அர்த்தம்தான். அதற்குக் கணக்கே இருக்கிறது. இந்தியத் தர விதிப்படி சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட், தண்ணீர் சேர்த்த 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது. 600 நிமிடத்துக்குள் இறுகி முடிந்திருக்க வேண்டும். குழைத்த சிமென்டில் ஊசியை இறக்கிச் சோதிப்பார்கள். ஊசி அடிவரை போகாமல் நின்றால் இறுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பாத்திர செட், நகை செட் என்கிற தொகுதி மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் கிளம்பி பிரெஞ்சு வழியாக வந்து, உச்சரிப்பு ஒன்றாகிப்போனதால் இதோடு ஒட்டிக்கொண்டது.

எந்த வரன் சொன்னாலும் "எனக்கு செட் ஆகாது" என்கிறாள் மகள். இது வெள்ளைக்காரனுக்குப் புரியுமா?
*– வாசகர், ஈரோடு*

புரியாது. 'ஒத்துவராது' என்ற அர்த்தம் நாமே கொடுத்தது. "நாங்க தொண்ணூத்திரண்டு செட்டு" என்று கல்லூரி நண்பர்கள் சொல்வதும் அப்படியே. வெள்ளைக்காரர் அதற்கு 'இயர்' அல்லது 'கிளாஸ்' என்பார்.

நம்மிடம் இன்னொரு குழப்பமும் உண்டு. பம்பும் மோட்டாரும் சேர்ந்த ஜோடி என்பதால் அது பம்பு செட். ஆனால் கார் நிறுத்தும் கொட்டகையும் நம் வாயில் 'கார் செட்டு'தான். அந்த 'ஷெட்' நம் நாக்கில் 'செட்' ஆகிவிட்டது. அப்புறம் மோட்டார் இருக்கும் அறையையே பம்புசெட்டு என்கிறோம். "பம்புசெட்டுல படுத்துத் தூங்கினான்" என்றால் எதில் என்று யாரும் கேட்பதில்லை.

மகள் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன், சார்.

'ஐ செட் தி டேபிள்' என்றால் நடப்பதா, நடந்ததா?
*– கல்லூரி மாணவர், திண்டுக்கல்*

தனியாகப் பார்த்தால் இரண்டுமாக இருக்கலாம். பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்கு 'செட்டெ' என்று ஒரு வால் இருந்தது, காலப்போக்கில் தேய்ந்துவிட்டது. 'கட்', 'புட்', 'ஹிட்' எல்லாம் இதே கூட்டம்தான். 'ஹி' அல்லது 'ஷி' வந்தால் தப்பிக்கலாம்: 'செட்ஸ்' என்றால் நிகழ்காலம், வெறும் 'செட்' என்றால் முடிந்த கதை.

டென்னிஸில் ஒரு செட் எவ்வளவு நேரம் நடக்கும்?
*– வாசகர், தூத்துக்குடி*

கடிகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குறைந்தது ஆறு கேம் ஜெயிக்க வேண்டும், எதிராளியைவிட இரண்டு கேமாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஆறு என்று நின்றால் டை-பிரேக், அதாவது புள்ளிக் கணக்கில் செட்டை முடித்துவைக்கும் ஒரு கூடுதல் கேம். விம்பிள்டனில் முன்பு கடைசி செட்டுக்கு மட்டும் இந்த டை-பிரேக் கிடையாது. 2010-ல் அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் பிரான்ஸின் நிக்கோலா மஹூவும் அதில் மாட்டிக்கொண்டார்கள். கடைசி செட் மட்டும் 8 மணி 11 நிமிடம். 70–68 என்று இஸ்னர் ஜெயித்தார். ஆட்டம் மொத்தமும் மூன்று நாளில் பரவி 11 மணி 5 நிமிடம் நடந்தது. நடுவே ஸ்கோர் பலகையே 47–47-ல் நின்றுபோனது, பாவம். 2022 முதல், 'கிராண்ட் ஸ்லாம்' எனப்படும் நான்கு பெரிய டென்னிஸ் போட்டிகளிலும் கடைசி செட் 6–6 ஆனால் பத்துப் புள்ளி டை-பிரேக்.