முகவரிப் பட்டை மாறக் கூடாது: லோட் பேலன்சர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் கணினி சர்வர் வேலை பார்க்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில. லோட் பேலன்சர் என்பது வரும் கோரிக்கைகளைப் பின்னால் இருக்கும் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் முன்வாசல்.

ஜூரோங்கிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, எங்கள் தளத்தில் ‘/கடை’ என்று போனால் பிரவுசரின் முகவரிப் பட்டையில் 8080 போர்ட்டோடு உள்முகவரி வந்துவிடுகிறது. இந்த ரீடைரக்டை லோட் பேலன்சரில் மறைக்க வழி உண்டா?

மறைக்க முடியாது தம்பி, அதை நிறுத்தத்தான் முடியும். 301, 302 என்று பதில் போனால் “இங்கே இல்லை, அங்கே போ” என்று பொருள். நடந்து போவது பிரவுசர், அதனால் பட்டை மாறியே தீரும். தேக்கா உணவங்காடியில் பிரியாணிக் கடைக்காரரிடம் தே (டீ) கேட்கிறீர்கள். “தண்ணிக் கடை அந்தப் பக்கம்” என்றால் அது ரீடைரக்ட். அவரே வாங்கிவந்து உங்கள் மேசையில் வைத்தால் அது ரிவர்ஸ் ப்ராக்ஸி. ரீடைரக்ட் விதியை எடுத்துவிட்டு, பாதையை மட்டும் உள்ளுக்குள் ரீரைட் செய்து, அதாவது மாற்றி எழுதி, பின்னால் இருக்கும் சர்வருக்கு அனுப்புங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தங்கை: அதையேதான் செய்தேன் அண்ணா. முதல் பக்கம் சரி. லாகின் அழுத்தினால் மறுபடி உள்முகவரி.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இப்போது ரீடைரக்ட் கொடுப்பது லோட் பேலன்சர் இல்லை, உங்கள் அப்ளிகேஷன். கர்ல் (curl) கட்டளையில் பெரிய ஐ (-I) போட்டு லாகின் முகவரியைக் கேட்டுப் பாருங்கள். பதிலின் தலைப்பில் “எங்கே போ” என்று சொல்லும் லொக்கேஷன் ஹெட்டரில் உள்முகவரி பளிச்சென்று நிற்கும். வெளியே தன் பெயர் என்ன என்று அப்ளிகேஷனுக்குத் தெரியாது. அந்தப் பெயரைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஹோஸ்ட் ஹெட்டரை லோட் பேலன்சரிலிருந்து அனுப்பி, அதை நம்பும்படி அப்ளிகேஷனில் அமைப்பது நல்ல வழி. பழைய அப்ளிகேஷன், கை வைக்க முடியாது என்றால் திரும்பி வரும் ஹெட்டரை வழியிலேயே திருத்துங்கள். என்ஜின்எக்ஸ் (nginx) மென்பொருளில் ‘ப்ராக்ஸி ரீடைரக்ட்’ இதற்கென்றே இருக்கிறது.

அப்புறம் குக்கி, அதாவது உங்களை அடையாளம் காணத் தளம் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும் சீட்டு. உள்ளே பாதை ‘/போர்ட்டல்’, வெளியே ‘/கடை’ என்றால், ‘/போர்ட்டல்’ பாதைக்கென்று வந்த குக்கியை பிரவுசர் ‘/கடை’க்குத் திருப்பி அனுப்பாது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் லாகின் பக்கமே சுற்றிச் சுற்றி வரும். அதன் பாதையையும் மாற்றுங்கள்.

சோதிக்கும்போது புதிய பிரைவேட் விண்டோ திறந்துகொள்ளுங்கள். 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒருமுறை, எப்போதோ சரியாகிவிட்ட அமைப்பை விடியும்வரை திருத்திக்கொண்டிருந்தேன்.

தோ பாயோ: ‘டூ மெனி ரீடைரக்ட்ஸ்’ என்று வருகிறது.

எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கிய இணைப்பு லோட் பேலன்சரோடு முடிந்து, உள்ளே வெறும் எச்டிடிபி போகிறது அல்லவா? அப்ளிகேஷன் அதைப் பார்த்து “எச்டிடிபிஎஸ்ஸில் வா” என்று திருப்பித் திருப்பி அனுப்புகிறது. வெளியே எச்டிடிபிஎஸ்தான் என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெட்டரை அனுப்பி, அதை நம்பும்படி அப்ளிகேஷனையும் அமையுங்கள், நின்றுவிடும்.

பிடோக்: டிசிபி அளவில், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் லோட் பேலன்சரில் இந்தப் பாதை ரீரைட் முடியுமா?

முடியாது. அதற்குப் பாதையே தெரியாது.

செங்காங்: சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின்னடையாளம்) லாகினையும் எங்கள் முகவரியிலேயே காட்டு என்கிறார் மேலாளர்.

வேண்டவே வேண்டாம். அது ஓபன் ஐடி கனெக்ட் முறை, அதாவது இன்னொரு தளம் பயனரைச் சரிபார்த்துச் சொல்லும் முறை. பயனர் சிங்பாஸுக்கே போய், நீங்கள் பதிவு செய்த முகவரிக்குத் திரும்பி வர வேண்டும். வேறு முகவரியில் சிங்பாஸ் பக்கம் தெரிந்தால் அதை மோசடித் தளம் என்றுதான் மக்கள் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். அந்த ரீடைரக்ட் கண்ணுக்குத் தெரியட்டும்.