கேளுங்க, சொல்றேன்: எய்ம்பாட்டா, சாக்கா?

கேள்வி: என் பதினைந்து வயது மகன் ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுகிறான். செத்துப்போகும்போதெல்லாம் "எய்ம்பாட் போடுறான்மா!" என்று கத்துகிறான். நிஜமாகவே அப்படி ஒன்று உண்டா, இல்லை தோற்றதற்குச் சாக்கா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இரண்டும்தான், அக்கா. அதே ஆட்டத்தில் அதே கத்தலைக் கத்தியவன் நான்.

எதிரியைத் திரையில் காட்ட வேண்டுமென்றால், அவன் எங்கே நிற்கிறான் என்ற தகவல் முதலில் உங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கு வந்தாக வேண்டும். வந்து மெமரியில் உட்கார்ந்திருக்கும். எய்ம்பாட் என்ற திருட்டு புரோகிராம் அதை ரகசியமாகப் படித்து, எதிரியின் தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, திரை நடுவில் கூட்டல் அடையாளம் போலத் தெரியும் கிராஸ்ஹேரைத் தானே அங்கே திருப்பிவிடும். சுவருக்குப் பின்னால் இருப்பவனைக் காட்டும் வால்ஹேக்குக்கும் அதே தகவல்தான் தீனி. 2020-ல் வந்த வேலோரண்ட் என்ற இன்னொரு துப்பாக்கி ஆட்டம், எதிரி கண்ணில் படப்போகும் நேரம் வரை அதை அனுப்பாமலே வைத்துக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனம்.

முன்பெல்லாம் கிராஸ்ஹேர் தலைக்குத் தலை தாவும், யாருக்கும் தெரிந்துவிடும். இப்போது மனிதக் கை மாதிரி மெல்ல நகர்த்துகிறார்கள், வேண்டுமென்றே இரண்டு குண்டைத் தவறவும் விடுகிறார்கள். அதனால் சுட்ட நொடியைப் பார்த்துப் பயனில்லை, சுடாத நேரத்தைப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் பதிவான டெமோவைத் திறந்து, சந்தேகப்படும் ஆளின் பார்வையில் நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். சுவர் மறைத்திருக்கும்போதே கிராஸ்ஹேர் எதிரியோடு கூடவே நடக்கிறதா? அந்த எதிரி பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால் அதுவும் கீழே இறங்குகிறதா? ஒரு தடவை என்றால் காலடிச் சத்தம் கேட்டிருப்பான். ஆட்டம் முழுக்க என்றால் சந்தேகப்படலாம். கண்ணால் பார்த்து விரலை அசைக்க நமக்கெல்லாம் ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட் ஆகும். மூலையைக் குறிவைத்துக் காத்திருப்பவன் அதைவிடச் சீக்கிரம் சுடலாம், அது திருட்டில்லை. கால் ஆஃப் டூட்டி ஆட்டத்தில், மவுஸுக்குப் பதில் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரால் ஆடுபவர்களுக்கு ஆட்டமே கொடுக்கும் எய்ம் அசிஸ்ட் என்ற குறிவைக்கும் உதவியும் திருட்டில்லை.

இனி என் கதை. ஒரு நாள் தூணுக்குப் பின்னால் பத்திரமாக ஒதுங்கிய பிறகு செத்தேன். சுவர் வழியாகச் சுடுகிறான் என்று ஊரைக் கூட்டினேன். பிறகுதான் கவனித்தேன், ஆட்டத்தை நடத்தும் சர்வர் கம்ப்யூட்டர் ஜோஹன்னஸ்பர்க்கில் இல்லை, ஐரோப்பாவில். நான் ஒதுங்கிய செய்தி அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள், அவன் திரையில் நான் இன்னும் வெளியே முழு உடம்போடு நின்றிருக்கிறேன். சர்வர் அவன் கண்ணால் கண்டதைத்தான் கணக்கில் எடுக்கும். அவன் ஒழுங்காகத்தான் சுட்டிருக்கிறான்.

ஆகவே பையன் அடுத்த முறை கத்தும்போது முதலில் ஸ்கோர்போர்டில் பிங், அதாவது செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லிசெகண்ட், எவ்வளவு என்று கேளுங்கள். 150-க்கு மேல் என்றால் டெமோவைத் திறக்கவே வேண்டாம், பேசாமல் படுக்கச் சொல்லுங்கள்.